நாயும் குழந்தையும்: அந்தமான் கூறும் வரலாறு

வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீழைக்கடல் வழியாகத் தாயகம் திரும்பினார். அவர் பெயரால் வழங்கும் பயண நூலில் அந்தமானைப் பற்றியும் ஒரு சிறு பகுதி உண்டு. அத்தீவில் வாழ்வோருக்கு நாயின் தலையும், நாயின் பல்லும், நாயின் கண்ணும் அமைந்திருக்கும் என்று அந்நூல் கூறுகிறது. மார்க்கோ போலோ அந்தமானில் காலடி வைத்ததாகத் தெரியவில்லை. மாலுமிகள் கூறக் கேட்டதையே அவர் கூறினார் எனலாம். கரையை அணுகவும் அஞ்சிய மாலுமிகள் தம் அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்தனர். அது நாய் உருவமாக அமைந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. நாய்முகத்தோர் வாழும் நாடு என்று உலகமெல்லாம் பேசப்பட்ட அந்தமானில் அக்காலத்தில் நாயே இல்லை. தீவின் பழங்குடி மக்கள் நாயைக் கண்டதுமில்லை, வளர்த்ததுமில்லை. ஏனைய கண்டங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் காலடியில் கிடந்த ஒரு பிராணி, இத்தீவுகளின் கரையை எட்ட 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

நாய் அந்தமானுக்கு வந்த வரலாற்றையும், அதிலிருந்து எழும் ஒரு வினாவையும் இவ்வுரையில் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாய் ஒரு குழந்தையைக் காக்குமா? காக்குமாயின், அது தானாகக் காக்கிறதா, அல்லது நாம் பழக்குவதால் காக்கிறதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அந்தமானைப் போல் பொருத்தமான இடம் பிறிதொன்று அரிது.

1789-இல் ஆங்கிலக் கம்பெனியார் அந்தமானில் முதன்முதலாக ஒரு குடியேற்றத்தை அமைத்தனர். நோயும் சாவும் மிகவே 1796-இல் அதனைக் கைவிட்டனர். பின்னர் 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கியபோது, பிடிபட்டவர்களை நாட்டுக்கு அப்பால் அனுப்ப ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1858 மார்ச்சு 10-ஆம் நாள், டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அறிந்த நகரத்தின் தொடக்கம் அதுவே. 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.

கைதிகளுக்கும் காவலர்களுக்கும் பின்னால் மாடு வந்தது, ஆடு வந்தது, நாயும் வந்தது. பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் முதலில் குடியேற்றத்தை எதிர்த்தனர்; பின்னர் சிறிது சிறிதாகப் பழகினர். பழகியபோது வெள்ளையரிடம் அவர்கள் கண்ட பொருள்களுள் இரும்பும் நாயும் அவர்கள் மனத்தைக் கவர்ந்தன. இரும்பு அம்புமுனை ஆயிற்று. நாய் வேட்டைத் துணை ஆயிற்று.

அந்தமான் காடுகளில் ஒருவகைக் காட்டுப்பன்றி உண்டு. அது உருவிற் சிறியது. ஆயினும் ஓட்டத்திலும் ஒளிவதிலும் வல்லது. நாய் வருவதற்கு முன் அதன் தடத்தை மனிதனே காண வேண்டும். ஓசையின்றி அணுகி அம்பெய்ய வேண்டும். நாய் வந்த பின் முறை மாறியது. நாய்கள் மோப்பம் பிடித்துப் பன்றியை எழுப்பும். துரத்திச் சென்று ஓரிடத்தில் மடக்கும். கொல்லாமல் சூழ்ந்து நின்று குரைக்கும். குரைப்பொலி கேட்ட திசையில் வேட்டுவன் விரைந்து சென்று அம்பை விடுவான். 1906 முதல் 1908 வரை தீவுகளில் ஆராய்ச்சி நடத்திய மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரவுன் சென்ற காலத்துக்குள் இம்முறை ஊன்றிவிட்டது. லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்களும் நாயை ஏற்றனர். 1950-களின் தொடக்கத்தில் அவர்களிடையே தங்கிய இத்தாலிய அறிஞர் லிடியோ சிப்ரியானி, அவர்களுடைய குடியிருப்புகளில் நாய்க்கூட்டம் மிகுந்திருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் ஜாரவா மக்களோ, நெடுங்காலம் வெளியாரை ஏற்காததுபோல் வெளியாரின் நாயையும் ஏற்காமலே வேட்டையாடி வந்தனர்.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயை மடக்கி நிற்கச் செய்வது எளிய செயலன்று. பாய்ந்து கடிப்பது நாயின் இயல்பு. கடிக்காமல் நின்று குரைத்து எசமானை அழைப்பது பழக்கத்தால் வருவது. பாட்டன் காலத்தில் நாயையே அறியாத ஒரு சமூகம், பேரன் காலத்துக்குள் இந்தப் பழக்கத்தைக் கைவரப் பெற்றது. வழிவழி வந்த நூலில்லை, பள்ளியில்லை. நாயின் எச்செயலுக்கு இறைச்சி தருவது, எச்செயலுக்குத் தராதிருப்பது என்று கண்டுகொண்ட கூர்மையே போதுமானதாக இருந்தது.

இந்த வரலாற்றின் மறுபக்கம் துயரமானது. நாயைக் கொண்டுவந்த அதே குடியேற்றம் நோயையும் கொண்டுவந்தது. 1877-இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியரில் மிகப் பலரைக் கொண்டுபோயிற்று. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த அவர்கள் 1961-இல் 19 பேராகக் குறைந்தனர். காட்டில் ஒரு துணை கிடைத்தது. அத்துணையை அழைத்துச் செல்லும் கைகள் குறைந்துபோயின. வெளியிலிருந்து வரும் எந்த நன்மையும் தனியே வருவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி நம் தமிழகத்தின் பக்கம் திரும்புவோம். நமக்கு நாய் புதிதன்று. ஞமலி என்றும் ஞாளி என்றும் சங்கப் பாடல்கள் அதனைக் குறிப்பிடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டினது. ஆநிரை கவர வந்தோருடன் போரிட்டு மாண்ட வீரன் ஒருவனுடைய உருவம் அதில் இருக்கிறது. அவன் அருகே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டே கூறுகிறது. அரசர் பெயரையும் தலைவர் பெயரையும் பொறிக்கும் கல்லில் ஒரு நாயின் பெயரையும் பொறித்த மக்கள் நம் முன்னோர்.

காவல் செய்யும் பிராணியைப் பற்றி வேறொரு கதையும் நம்மிடம் உண்டு. தொட்டிற் குழந்தையைத் தீண்ட வந்த பாம்பைக் கீரி கொன்றது. வாயில் குருதியுடன் நின்ற கீரியைக் கண்ட தாய், அது குழந்தையைக் கொன்றுவிட்டதென்று எண்ணி அதனை அடித்துக் கொன்றாள். பஞ்சதந்திரத்தில் உள்ள இக்கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இடம்பெறுகிறது. கீரியைக் கொன்ற பழியால் கணவனால் கைவிடப்பட்ட அந்தணப் பெண்ணின் துயரைக் கோவலன் தீர்த்தான் என்று மாடல மறையோன் கூறுகிறான். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில் இதே கதையில் கீரிக்குப் பதில் நாய் வருகிறது; பாம்புக்குப் பதில் ஓநாய் வருகிறது. கெலர்ட் என்னும் அந்த நாய்க்குச் சமாதி இருப்பதாக ஓர் ஊரே பெயர் பெற்றிருக்கிறது.

இக்கதையைப் பிராணியின் விசுவாசத்துக்கு உதாரணமாகவே நாம் சொல்லி வருகிறோம். சற்று நிதானித்து நோக்கினால் வேறொரு பொருளும் புலப்படும். குழந்தை ஏன் தனியே விடப்பட்டது? பிராணியை நம்பி விட்டுச் சென்றவள், திரும்பி வந்ததும் அதனை நம்பாமற் போனது ஏன்? அவளுக்கும் அந்தப் பிராணிக்கும் இடையே ஒரு மொழி இல்லை. தான் செய்ததைச் சொல்லக் கீரிக்கு வழியில்லை. அதைப் படித்தறியத் தாய்க்குப் பழக்கமில்லை. நாயைப் பழக்குதல் என்பது இந்த மொழியை உண்டாக்குதலே ஆகும். அதில் மாணாக்கர் இருவர். ஒருவர் நாய், மற்றவர் மனிதர்.

இந்த மொழியை முறையாக வகுத்த காலம் 20-ஆம் நூற்றாண்டு. முதல் உலகப் போரில் நச்சுப்புகையாலும் குண்டுகளாலும் பார்வை இழந்த ஜெர்மன் போர்வீரர் பலர். அவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது. ஜெர்மனியில் இம்முயற்சியைக் கண்ட டோரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1927-இல் ஒரு பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். நாஷ்வில் நகரத்தில் மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் அக்கட்டுரையைப் பிறர் படிக்கக் கேட்டார். 1928-இல் அவர் சுவிட்சர்லாந்து சென்று பட்டி என்னும் நாயுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1929-இல் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி நாஷ்வில்லில் எழுந்தது.

இப்பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாடங்களுள் அரியது ஒன்று உண்டு. அது கீழ்ப்படியாமையைக் கற்பித்தல். பார்வையற்றவர் ‘முன்னே செல்’ என்கிறார்; எதிரே வண்டி வருகிறது. அந்நேரத்தில் நாய் கட்டளையை மீறி அசையாது நிற்க வேண்டும். எப்போது பணிய வேண்டும், எப்போது பணியலாகாது என்று ஒரு பிராணிக்கு உணர்த்துவது பல மாதப் பொறுமையின் பயன்.

பார்வையற்றோருக்குத் தொடங்கிய இக்கலை பின்னர்ச் செவிப்புலன் இழந்தோருக்கும், சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் பரவியது. 1996-இல் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கென நாய்களைப் பழக்கத் தலைப்பட்டது. இத்தகைய நாய்க்குத் தமிழில் இன்னும் நிலைபெற்ற பெயர் இல்லை. சேவை நாய் என்றால் சொல்லுக்குச் சொல் சரியாகும், பொருள் துலங்காது. துணைநாய் என்று இவ்வுரையில் வழங்குகிறேன்.

ஆட்டிசம் உடைய குழந்தைகளுட் சிலருக்கு, பெற்றோர் கண்ணயர்ந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறிவிடும் போக்கு உண்டு. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதுக்குப் பின் ஒரு முறையேனும் அவ்வாறு வெளியேற முயன்ற குழந்தைகள் 49 விழுக்காடு என்று பெற்றோர் தெரிவித்தனர். காணாமற்போன குழந்தைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நீரில் மூழ்கும் ஆபத்தை நெருங்கியவர். வீதியும் நீரும் அச்சம் என்பதை அறியாத ஒரு பிள்ளை; அழைத்தால் திரும்பாத பிள்ளை; தன் பெயரையும் ஊரையும் சொல்ல இயலாத பிள்ளை. அப்பிள்ளையின் தாய் இரவில் எவ்வாறு உறங்குவாள்?

துணைநாய் அங்கே செய்யும் பணி எளிமையானது. நாய்க்கு மார்ப்பட்டை அணிவிக்கப்படும். அதிலிருந்து ஒரு குட்டையான வார் குழந்தையின் இடைக்கச்சுடன் இணைக்கப்படும். நாயின் மற்றொரு வார் பெற்றோர் கையில் இருக்கும். கட்டளையிடுபவர் பெற்றோரே; குழந்தையன்று. குழந்தை திடீரென வீதியை நோக்கிப் பாய்ந்தால் நாய் கால்களை ஊன்றி நின்றுவிடும் அல்லது அமர்ந்துவிடும். இழுத்தோடாது, குரைக்காது, பல்லைக் காட்டாது. அந்தச் சில விநாடிகளில் தாயின் கை குழந்தையை எட்டிவிடும். நாய் தரும் காவல் அச்சில விநாடிகளே. ஓங்கே வேட்டுவனின் நாய் பன்றியை மடக்கி நின்று எசமான் வரும்வரை காலத்தை ஈட்டித் தருவதுபோல, இதுவும் காலத்தை ஈட்டித் தருகிறது.

இதற்கு நாயைத் தேர்வதே முதற்படி. அமைதியான இயல்பும் தாங்கும் உடலும் வேண்டும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் ஆகிய இனங்கள் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியாக இருக்கும்போதே ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் அது ஒப்படைக்கப்படும். ஓராண்டுக்கு மேல் அக்குடும்பம் அதனைக் கடைத்தெருவுக்கும், பேருந்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துச் சென்று ஓசைக்கும் கூட்டத்துக்கும் பழக்கும். பிறகு பயிற்றுநரிடம் பல மாதப் பயிற்சி. குழந்தை வாலைப் பற்றி இழுத்தாலும், காதருகே அலறினாலும் உறுமாத நாயே தேறும். எத்தனையோ நாய்கள் தேறுவதில்லை. 1910-இல் ஜெர்மானியர் கோன்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூல் கண்டிப்பையே பெரிதும் நம்பியது. இன்றைய பயிற்றுநர் நல்ல செயலுக்கு உடனே பரிசு தருவதையே நம்புகின்றனர். அடித்துப் பழக்கிய நாய் அஞ்சும். அஞ்சிய நாய் கடிக்கும். கடிக்கும் நாயைக் குழந்தையின் இடுப்பில் கட்ட முடியாது.

பழக்காத நாயும் காப்பதுண்டே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள சின்னக்காலாப்பட்டு என்னும் மீனவர் ஊரில் ஒரு தாய் தன் இளைய பிள்ளைகள் இருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூத்தவனான ஏழு வயதுச் சிறுவன் மேட்டுக்கு ஓடாமல் குடிசைக்குள் புகுந்துவிட்டான். செல்வகுமார் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்த நாய் அவனைப் பின்தொடர்ந்து சென்று, கடித்தும் முட்டியும் வெளியே தள்ளி மேட்டுக்குக் கொண்டு சேர்த்தது. அச்செய்தி அந்நாளில் உலகமெங்கும் வெளியாயிற்று.

அதே காலையில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிக்கோபார்த் தீவுக்கூட்டம் பேரழிவைக் கண்டது. ஆனால் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக் பகுதியில் வாழ்ந்த ஓங்கே மக்கள், கடல் பின்வாங்குவதைக் கண்டதும் குழந்தைகளுடன் மேட்டு நிலத்துக்குச் சென்று உயிர் தப்பினர். அக்குழந்தைகளைக் காத்தது நாயன்று. கடல் உள்வாங்கினால் காட்டுக்குள் போ என்று முதியோர் வாய்வழியாகச் சொல்லி வைத்த அறிவு காத்தது. சின்னக்காலாப்பட்டுச் சிறுவனைக் காத்தது பேரதிருஷ்டம். ஓங்கே குழந்தைகளைக் காத்தது பயிற்சி. இரண்டையும் நாம் போற்றலாம். நம்பியிருக்கத் தக்கது பின்னதே.

நாயால் குழந்தைக்கு நேரும் தீங்கையும் மறைக்காது சொல்ல வேண்டும். வெறிநோயால் மாண்ட மனிதரில் மிகப் பெரும்பாலோர்க்கு அந்நோய் நாய் வழியாகவே வந்தது. வெறிநோய் கொண்டதாக ஐயுறும் பிராணிகளால் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1885-இல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தியதும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கே. 1907-இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டு, தென்னாட்டாருக்கு இச்சிகிச்சை எட்டும் தொலைவுக்கு வந்தது.

இந்திய நாட்டில் வெறிநோய் அற்ற பகுதிகளாகக் கருதப்படுபவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் லட்சத்தீவுகளுமே. கடல் என்னும் அகழி செய்த உதவி இது. 1858-க்குப் பின் வந்த நாய்கள் தீவெங்கும் பெருகிய போதும் நோய் காலூன்றவில்லை. ஆயினும் நோயுற்ற ஒரு நாய் கப்பலேறி வந்தாலும் இப்பேறு பறிபோகும். ஆதலின், தீவுக்கு நாயைக் கொண்டு வருவோர் தடுப்பூசியையும் சான்றிதழையும் வெறுஞ் சடங்காக எண்ணலாகாது. எந்த ஊரிலாயினும் நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கவனிப்பாரற்று விடப்பட்ட நாய்கள் தீவுக் கடற்கரைகளில் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பதையும் இயற்கை ஆய்வாளர் நெடுநாளாகக் கவலையுடன் கூறி வருகின்றனர். காட்டில் வேட்டுவனுக்குத் துணை நின்ற அதே பிராணி, கரையில் அழிவு செய்யும் பிராணியாகிறது. நாய் மாறவில்லை, அதன் வாரைப் பற்றியிருந்த கை விலகிவிட்டது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் குழந்தைக்குத் துணைநாய் என்பது இன்றும் நம் நாட்டில் எளிதில் கிட்டும் உதவியன்று. அதுவரை பெற்றோர் செய்யக் கூடியவை இல்லாமல் இல்லை. கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள் இடலாம், பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வளையம் அணிவிக்கலாம், அண்டை வீட்டாரிடம் வெட்கமின்றிச் சொல்லி வைக்கலாம், நீச்சல் கற்பிக்கலாம். எத்திசையிலும் கடல் சூழ்ந்த தீவில் இவை ஒவ்வொன்றும் ஓர் அரண். வீட்டில் நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி போட்டு, அன்புடன் பழக்கி, சிறு குழந்தையுடன் தனித்து விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நாய்முகத்தோர் தீவு என்று மாலுமிகள் அஞ்சிய இடத்தில், நாயையே அறியாத மக்கள் ஒரு தலைமுறைக்குள் அதனைத் தோழனாக்கினர். அவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் இல்லை. எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் தன் வீரனின் அருகில்தான் நிற்கிறது, தனித்து நிற்கவில்லை. காவல் நாய்க்கு அருகே காவல் செய்யும் மனிதரும் இருக்க வேண்டும் என்பதே அக்கல் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நமக்குச் சொல்லி நிற்பது.